லயன் வீடும் தொழிற்கூடமும்: நாடுகாணி – கூடலூர் மலைப்பகுதியில் தொழிற்கல்விக்கான மாணவர் வழிகாட்டல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்த நாடுகாணியும் அதனைச் சூழ்ந்த கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளும் ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்டத் தொழிலைச் சார்ந்து வாழ்பவை. இங்குப் பள்ளிக்கல்வியை முடிக்கும் மாணவர்களை உயர்நிலைத் தொழிற்கல்விக்கு ஆற்றுப்படுத்துவது தகவல் அளிக்கும் பணியாக மட்டுமே பெரும்பாலும் கருதப்படுகிறது. தோட்டச் சட்டம், தாயகம் திரும்பியோர் மறுவாழ்வு, தமிழகத் தொழிற்கல்விக் கொள்கைகள், கூடலூர்ப் பழங்குடியினரின் செவிலியர் பயிற்சி ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஒருங்கே நோக்குகிறது. தொழிலைக் குடியிருப்பிலிருந்தும் பிறப்பிலிருந்தும் பிரித்து, அடுத்த படிக்கு வழி திறந்துவைத்த இடத்திலேயே தொழிற்கல்வி மாணவர்க்குப் பாதையாகியது என்பதை இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாடுகாணி, கூடலூர், தேயிலைத் தோட்டம், தாயகம் திரும்பியோர், பழங்குடியினர், தொழிற்கல்வி, தொழில் வழிகாட்டல்.

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாற்றில் தொழிற்கல்வி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களை மையமாகக் கொண்டவை. ஆலைகளும் பட்டறைகளும் அருகிருக்கும் நகரத்தில் பயிற்சி பெற்றவர் அடையும் வேலையைப் பயிற்சி பெறாதவரும் கண்ணால் காண்கின்றனர். ஆகவே, எந்தப் பயிற்சி எந்த வேலைக்குக் கொண்டுசெல்லும் என்பதை அங்கு யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. மலைத்தோட்டப் பகுதியின் நிலை வேறு. ஒரே பயிர், ஒரே வகை வேலை, அவ்வேலையோடு பிணைந்த குடியிருப்பு என்னும் சூழலில் வளரும் மாணவர்க்குப் பிற தொழில்கள் பெயரளவில் மட்டுமே அறிமுகமாகின்றன.

இத்தகைய இடத்தில் வழிகாட்டல் எதனைச் செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண, அவ்விடத்தில் கல்வியும் தொழிலும் எவ்வாறு இணைக்கப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவ்வகையில் நாடுகாணிப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

நாடுகாணி: நிலமும் தொழிலும்

கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் செல்லும் சாலையில் நாடுகாணி அமைந்துள்ளது. இங்கிருந்து ஒரு கிளைச்சாலை மலைச்சரிவில் இறங்கி வழிக்கடவு வழியாகக் கேரளத்தின் நிலம்பூரை அடைகிறது. மேலிருந்து கீழ்நாட்டைக் காணும் இடம் என்பதால் இப்பெயர் அமைந்தது எனப் பொருள் கூறப்படுகிறது. தமிழும் மலையாளமும் பழங்குடி மொழிகளும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது.

கூடலூர்ப் பகுதி, ஆட்சி முறையில் முற்காலத்தில் மலபார் மாவட்டத்தின் வயநாட்டைச் சேர்ந்தது. 1877-ஆம் ஆண்டிலேயே தென்கிழக்கு வயநாடு நீலகிரியோடு இணைக்கப்பட்டது. நிலத்தின் மீதான ஜென்ம உரிமை நிலம்பூர்க் கோவிலகத்தினரிடம் இருந்தது. அவர்களிடம் குத்தகை பெற்ற ஐரோப்பியர் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் இலண்டனில் பல நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அம்முயற்சி முற்றிலும் வீழ்ந்தது. காப்பியும் நோயால் நலிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

இந்நிகழ்வுகள் கல்வி வரலாற்றுக்கு நேரடித் தொடர்பற்றவை போலத் தோன்றலாம். எனினும், இவை ஒரு பொதுப் பண்பைக் காட்டுகின்றன. காப்பி, தங்கம், தேயிலை ஆகிய மூன்றுக்கும் வேண்டிய முதலும் தொழில்நுட்ப அறிவும் வெளியிலிருந்து வந்தன. உள்ளூரிலும் சமவெளியிலுமிருந்து உடலுழைப்பு மட்டுமே பெறப்பட்டது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமாகிய உபாசி 1893-ஆம் ஆண்டு தோன்றியது. அதன் தேயிலை ஆய்வு நிலையம் 1926-ஆம் ஆண்டு கூடலூர்ப் பகுதியிலேயே தொடங்கப்பெற்றது. அதாவது, தேயிலை பற்றிய அறிவியல் தொழிலாளர் குடியிருப்புக்கு அருகிலேயே வளர்ந்தது. ஆயினும், அவ்வறிவியலைத் தொழிலாளரின் பிள்ளைகள் கற்றுத் தோட்டத்தின் தொழில்நுட்பப் பணிகளை அடைவதற்கு ஒழுங்கான வழி எதுவும் வகுக்கப்படவில்லை. பின்னாளில் அவ்வாய்வுப் பணி வால்பாறைக்கு மாறியது.

தோட்டச் சட்டமும் பள்ளி வயதும்

விடுதலைக்குப் பின் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஒழுங்குபடுத்திய முதன்மைச் சட்டம் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமாகும். குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம், குடியிருப்பு ஆகியவற்றை உறுதிசெய்த அச்சட்டம் தொழிலாளர் வாழ்வில் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கல்வி பற்றிய அதன் பிரிவுகளை வேலை பற்றிய பிரிவுகளோடு சேர்த்துப் படிக்கும்போது ஒரு செய்தி புலப்படுகிறது.

சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு தோட்டத்தில் தொழிலாளரின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருப்பின், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயது நிறைவடையாத குழந்தையைத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என முதலில் வகுத்தது. அவ்வயதைக் கடந்த சிறுவர், உடற்தகுதிச் சான்று பெற்று வேலை செய்ய அன்று இடமிருந்தது. பள்ளிக்கான பொறுப்பு முடியும் வயதும் வேலை தொடங்கும் வயதும் ஒன்றே என்பதை இவ்விரு பிரிவுகளும் காட்டுகின்றன. குழந்தை உழைப்பைத் தடுக்க முனைந்த சட்டமே, தோட்டக் குழந்தையின் கல்வி தொடக்கநிலையோடு நிறைவுறும் என்னும் எதிர்பார்ப்பையும் தன்னுள் கொண்டிருந்தது. பின்னர் வந்த திருத்தங்களாலும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தாலும் அந்த வயது வரம்பு பொருளிழந்தது. இருப்பினும், ஒரு தலைமுறையின் பழக்கம் அதற்குள் உருவாகிவிட்டது.

குடியிருப்பு பற்றிய விதிகளும் இவ்வாறே நோக்கத்தக்கவை. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவது உரிமையாளரின் கடமை. ஆனால், அவ்வீடு பணியைச் சார்ந்தது. தொழிலாளி ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ, குடும்பத்தினர் குறிப்பிட்ட காலம் வரை மட்டுமே அதில் தொடர முடியும். குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால் வீடு நிலைக்கும். ஆகவே, லயன் வீட்டில் வளரும் ஒரு மாணவர் பத்தாம் வகுப்பு முடித்தபின் என்ன படிப்பது என்னும் வினா, குடும்பம் எங்கே வசிப்பது என்னும் வினாவோடு பின்னிக்கிடக்கிறது. தொழில் வழிகாட்டல் பற்றிய பொது நூல்களில் இடம்பெறாத இக்கூறே நாடுகாணி போன்ற இடங்களில் முதன்மையானது.

தாயகம் திரும்பியோரும் வேலை என்னும் மறுவாழ்வும்

1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் நிலையைத் தீர்க்க, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974-ஆம் ஆண்டின் உடன்பாட்டில் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகமெங்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். 1983 வன்செயல்களை அடுத்துக் கப்பல் போக்குவரத்து நின்றதும் இவ்வருகை ஏறக்குறைய முடிவுற்றது.

இவர்களுக்கு வேலை அளிக்கும் நோக்கில் தமிழக அரசு 1968-ஆம் ஆண்டு நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வழக்கில் 'டான்டீ'யாக, 1976 முதல் இயங்கியது. கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் ஆகிய பகுதிகளில் அதன் தோட்டங்கள் பரவின. மறுவாழ்வுக் கடனுதவிக்கென 1969-இல் ரெப்கோ வங்கி உருவாயிற்று.

வந்தவர்களுக்குத் தெரிந்த தொழில் தேயிலை. ஆகவே அவர்களுக்குத் தேயிலை வேலையே தகுந்தது என்பது இத்திட்டத்தின் அடிப்படை. உடனடி வாழ்வாதாரம் என்னும் வகையில் இம்முடிவு அறிவார்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களை அது காத்தது. எனினும், பெற்றோரின் திறனுக்கேற்ற வேலையைத் தந்த அத்திட்டம் பிள்ளைகளின் திறனை எவ்வாறு வளர்ப்பது என்பதைத் தன் வரம்புக்குள் கொள்ளவில்லை. இலங்கைத் தோட்டப் பள்ளிகளில், 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரவேண்டும் என்றது. கடல் கடந்து வந்தபின் அவ்வரம்பு இரண்டு ஆண்டுகள் உயர்ந்தது. லயன் வீடும் கொழுந்துக் கூடையும் மாறவில்லை. நிலப்பட்டா இன்மை, சாதிச்சான்று பெறுவதில் ஏற்பட்ட இடர்கள் ஆகியவை தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் இடஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் பெறுவதற்குத் தடையாயின. கூடலூர் ஜென்ம நிலங்களைப் பற்றிய 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் வரும் குத்தகை நிலங்கள் நீண்ட வழக்குகளுக்கு உட்பட்டமையால், பட்டா இன்மை இப்பகுதியின் பிற குடியேறிகளுக்கும் பொதுவான இடராயிற்று.

'தொழில்' என்னும் சொல்லின் சுமை

தோட்டத்தில் நிலவிய இந்நிலையைத் தமிழகம் தழுவிய ஒரு விவாதத்தோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும். 1953-ஆம் ஆண்டு முதலமைச்சர் இராசாசி அறிமுகப்படுத்திய திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக்கல்வித் திட்டம், ஊரகப் பள்ளிகளின் பாடநேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. பள்ளிக்கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கும் வழியென அரசு அதனை விளக்கியது. பெரியார் ஈ.வெ.ரா.வும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனக் கண்டித்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விவாதத்தின் மையம், தொழில் கற்பது நன்றா தீதா என்பதன்று. தொழிலைத் தீர்மானிப்பது யார் என்பதே. பிறப்பு தீர்மானித்த தொழிலைப் பள்ளி உறுதிசெய்யக் கூடாது என்பது தமிழ்ச் சமூகம் எடுத்த தெளிவான முடிவு. ஆனால், அதன் துணைவிளைவாக 'தொழிற்கல்வி' என்னும் சொல்லே ஐயத்துக்குரியதாயிற்று. கல்லூரிப் பட்டம் விடுதலையின் அடையாளமாகவும் கைத்தொழில் பயிற்சி பழைய நிலைக்குத் திரும்புதலாகவும் பல குடும்பங்களால் உணரப்பட்டன. லயன் வீட்டுப் பெற்றோர் தம் பிள்ளை பட்டறைக்குச் செல்வதை விரும்பாமல் ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் சேர்க்க முற்படுவதை அறியாமை எனக் கொள்ளல் தகாது. அது வரலாற்று அனுபவத்திலிருந்து பிறந்த எச்சரிக்கையாகும். வழிகாட்டும் ஆசிரியர் முதலில் மதிக்க வேண்டியது இவ்வெச்சரிக்கையையே.

வழிகாட்டல் என்னும் கருத்தின் வருகை

தொழில் வழிகாட்டல் ஒரு துறையாக உருப்பெற்றது அமெரிக்காவில். 1908-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஒருவர் தம் இயல்பை அறிதல், தொழில்களின் தன்மையை அறிதல், இவ்விரண்டையும் ஆராய்ந்து பொருத்துதல் என்னும் மூன்று படிகள் அவர் முறையின் சாரம். குடியேறிகள் நிறைந்த, பலவகைத் தொழில்கள் பெருகிய ஒரு துறைமுக நகரத்துக்கு இம்முறை பொருந்தியது. தெரிவு செய்வதற்குப் பல தொழில்கள் அருகிலேயே உள்ளன என்பது அதன் சொல்லப்படாத முன்நிபந்தனை.

இந்தியாவில் இக்கருத்தைப் பள்ளிக்குள் கொணர்ந்ததில் தமிழர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பல்நோக்குப் பள்ளிகளையும், வழிகாட்டல் அலுவலர்களையும், பள்ளிதோறும் தொழில் ஆலோசனை ஆசிரியர்களையும் பரிந்துரைத்தது. 1954-ஆம் ஆண்டு கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான நடுவண் நிலையம் அமைக்கப்பட்டது. இதற்குச் சற்று முன்னரே, 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ்த் தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றத் தொடங்கியிருந்தன. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது.

கோத்தாரி கல்விக் குழு (1964–66), மேல்நிலைக் கல்வி பயில்வோரில் பாதிப்பேர் 1986-க்குள் தொழிற்பிரிவுகளில் பயில வேண்டும் என எதிர்நோக்கியது. 1978-இல் பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான தேசிய மீளாய்வுக் குழு, செய்து கற்றல் என்னும் கொள்கையை முன்வைத்து மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது தொழிற்பிரிவும் உடன் தொடங்கியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, 1990-க்குள் பத்து விழுக்காடு, 1995-க்குள் 25 விழுக்காடு எனத் தன் இலக்கைக் குறைத்துக்கொண்டது. பின்னர் அவ்விலக்கின் ஆண்டுகளும் தள்ளிவைக்கப்பட்டன.

இலக்குகள் தொடர்ந்து சுருங்கியமைக்கு நிதி, ஆசிரியர், கருவிகள் ஆகியவற்றின் பற்றாக்குறை காரணமாகச் சுட்டப்படுவது வழக்கம். அவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. தொழிற்பிரிவில் சேர்ந்த மாணவர், அதன்பின் உயர்கல்விக்குச் செல்லும் வழி குறுகலாக இருந்தது. பொதுப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்க்குப் பல வாயில்கள் திறந்திருக்க, தொழிற்பிரிவில் சேர்வது ஒரு வாயிலை மட்டும் ஏற்றுப் பிறவற்றை இழப்பதாயிற்று. இச்சூழலில் வழிகாட்டல் என்பது, குறைந்த மதிப்பெண் பெற்றவரைத் தொழிற்பிரிவுக்கு அனுப்பும் வடிகட்டியாகச் சுருங்கும் இடர் இருந்தது.

மலையின் கிழக்கும் மேற்கும்

இக்கொள்கைகள் நீலகிரி முழுவதிலும் ஒரே வகையில் செயற்படவில்லை. மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் முன்னரே இருந்தன. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கேத்தி அருகே ஊசித் தொழிற்சாலை 1949-இலும் தோன்றின. உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டது. பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்கள் மின்வாரியப் பணிகளை உருவாக்கின. குன்னூர், உதகைப் பகுதிகளில் பொருத்துநர், மின்பணியாளர் பயிற்சி பெற்ற ஒருவர் எங்கே வேலைக்குச் செல்வார் என்பது கண்கூடு.

மேற்கில், நாடுகாணியைச் சூழ்ந்த பகுதியில், தேயிலைத் தொழிற்சாலைகளே இயந்திரங்களைக் காணக்கூடிய இடங்கள். வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என அங்கு நிகழும் ஒவ்வொரு படியும் இயந்திரவியலும் வேதியியலும் சார்ந்தது. இருப்பினும், ஒரு தொழிற்சாலைக்குத் தேவைப்படும் தொழில்நுட்பர் சிலரே.

கிழக்கின் அனுபவமும் முழு வெற்றியன்று. ஒளிப்படச் சுருளின் காலம் முடிந்தபோது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிந்து மூடப்பட்டது. ஒரே ஆலையை நம்பிய திறன், ஆலையோடு பயனிழக்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது. தேயிலையிலும் இதே பாடம் வேறு வகையில் வந்தது. 1990களின் இறுதியில் பச்சைத்தேயிலை விலை சரிந்தபோது, கூடலூர், பந்தலூர் இளைஞர் பலர் திருப்பூர், கோயம்புத்தூர் ஆலைகளை நோக்கி இறங்கினர். பயிற்சி இன்றிச் சென்றவர்கள் அங்கும் அடிப்படை உழைப்பாளராகவே சேர நேர்ந்தது. 2022-இல் டான்டீயின் ஏறத்தாழ 2,150 எக்டேர் நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவுசெய்தபோது, வேலையையும் வீட்டையும் பற்றிய அச்சம் மீண்டும் எழுந்தது. தோட்டம் நிலையானது, கல்வியே நிச்சயமற்றது என்னும் பழைய கணக்கு இவ்வாறு தலைகீழாயிற்று.

கூடலூர்ப் பழங்குடியினரின் செவிலியர் பயிற்சி

தொழிற்பயிற்சி ஒரு சமூகத்தின் பாதையாக மாறிய சான்று இதே மலைப்பகுதியில் உண்டு. தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறியப்படும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன. அவற்றுள் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் ஆகியோர் கூடலூர்ப் பகுதியிலும் உள்ளனர். 1985-ஆம் ஆண்டு இங்குத் தொடங்கிய 'அக்கார்டு' அமைப்பின் துணையோடு பழங்குடியினர் நில உரிமைக்காக ஒன்றுகூடினர்; ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாயிற்று. அதன் தொடர்ச்சியாக 'அஸ்வினி' என்னும் நலவாழ்வு அமைப்பும், 1990-இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் தோன்றின. கல்விக்கென வித்யோதயா பள்ளி 1990களில் பழங்குடிக் குழந்தைகளின் பள்ளியாக மாறியது.

இம்மருத்துவமனையின் சிறப்பு, அதன் செவிலியர்களாகவும் நலவாழ்வுப் பணியாளர்களாகவும் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தமையாகும். குறைந்த பள்ளிக்கல்வியுடன் வந்த இளம்பெண்கள் பேறுகாலக் கவனிப்பு, தடுப்பூசி, ஆய்வகப்பணி, அறுவை அரங்க உதவி ஆகியவற்றை வேலையினூடே கற்றனர். மருத்துவமனையை அஞ்சிய மக்கள், தம் மொழியில் பேசும் தம் ஊர்ப்பெண் அங்கே நிற்பதைக் கண்டு வரத் தொடங்கினர்.

வழிகாட்டல் நோக்கில் இதனை ஆராய்ந்தால் மூன்று கூறுகள் தென்படுகின்றன. முதலாவது, கற்ற தொழில் குடும்பத் தொழிலன்று. கூலி உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த சமூகத்துக்கு அது புதிய தகுதியைத் தந்தது. ஆயினும் சமூகத்தைவிட்டு நீங்குமாறு கோரவில்லை. இரண்டாவது, அடுத்த மாணவிக்குத் தகவலேடு தேவைப்படவில்லை. முன்னே சென்ற பெண்ணே வழிகாட்டியானாள். மூன்றாவது, பயிற்சியும் வேலையும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தன.

அதே வேளையில், இத்தகைய உள்ளகப் பயிற்சியின் எல்லையும் கருதத்தக்கது. செவிலியர் தொழில் 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தாலும் 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்தாலும் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆகவே, ஒரு நிறுவனத்துக்குள் பெறும் திறன் எத்துணை உயர்ந்ததாயினும், அங்கீகரிக்கப்பட்ட பட்டயமின்றி அரசுப் பணிக்கோ மேற்படிப்புக்கோ அது செல்லாது. பள்ளிக்கல்வியை உரிய நிலைவரை முடித்தலும் தொழிற்பயிற்சியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. இரண்டும் இணைந்தே அடுத்த படி அமைகிறது.

அடுத்த படி என்னும் வினா

இவ்வடுத்த படியைத் திட்டமிட்டு அமைத்த நாடுகள் உண்டு. சுவிட்சர்லாந்தில் தொழிற்பழகுநராகப் பயிலும் மாணவர், 1990களில் அறிமுகமான தொழிற்கல்விசார் இறுதித்தேர்வு வழியாகப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் சேரலாம். பட்டறையைத் தெரிவுசெய்தவர் பல்கலைக்கழகத்தை இழப்பதில்லை. மலையகத் தமிழர் வாழும் இலங்கையிலும் தேசியத் தொழிற்தகைமை ஏழு நிலைகளாக வகுக்கப்பட்டு, 2008-ஆம் ஆண்டின் சட்டப்படி தொழில்நுட்பவியல் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. சான்றிதழில் தொடங்குபவர் பட்டம்வரை ஏறும் வழி அங்குக் கொள்கையளவில் உள்ளது. கப்பலேறாமல் தங்கியவரின் பேரப்பிள்ளைகளும் ஏறி வந்தவரின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வகை வினாவை எதிர்கொள்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்திலும் இப்படிகள் இன்று பெருமளவு உள்ளன. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர், பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிற்பயிற்சியோடு மொழித்தாள்களில் தேர்ச்சி பெற்றால் பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தகுதியும் கிட்டுகிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் இத்தகைய ஏற்றத்தையே நோக்கமாகக் கொண்டது.

இவ்வாய்ப்புகளை அறியச்செய்ய 2022 மார்ச்சு 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப்பெண்' திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 வழங்குகிறது. பட்டப்படிப்போடு பட்டயம், தொழிற்பயிற்சி ஆகியவற்றையும் அது உயர்கல்வியாக ஏற்றது. 2024-இல் வந்த 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் இதனை மாணவர்க்கும் விரித்தது. தொழிற்பயிற்சியைக் கல்லூரிக் கல்வியோடு ஒரே வரிசையில் வைத்த இம்முடிவு, அதன் பணமதிப்பைவிடப் பெரியது. 1953-இலிருந்து 'தொழில்' என்னும் சொல் சுமந்துவந்த இழிவை அரசாணை ஒன்று மறைமுகமாகத் திருத்தியதாக இதனைக் கொள்ளலாம்.

எனினும், நாடுகாணி மாணவர்க்கு ஒவ்வொரு படியும் ஓர் இடப்பெயர்ச்சி. தொழிற்பயிற்சி நிலையம் கூடலூரில் உண்டு. பட்டயப்படிப்புக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உதகைக்கும், பொறியியலுக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கும் செல்ல வேண்டும். யானை நடமாடும் சாலை, மழைக்கால மண்சரிவு, விடுதிச் செலவு, சான்றிதழ்க்கான அலைச்சல் ஆகியவை படிப்பின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இவற்றைக் கணக்கிட்டுச் சொல்லும் வழிகாட்டலே இங்குப் பயன்படும். எந்தப் படிப்பு என்பதோடு, எந்த விடுதி, எந்தச் சான்று, எந்த மாதத்தில் விண்ணப்பம், இடையில் நின்றால் எங்கே மீண்டும் சேரலாம் என்பனவும் அதில் அடங்கும்.

முடிவுரை

நாடுகாணிப் பகுதியின் வரலாறு, தொழிற்கல்வி பற்றிய பொதுவான ஒரு கருத்தைத் திருத்துகிறது. இங்குள்ள மாணவர் தொழிற்கல்வியைத் தயங்குவது உடலுழைப்பை வெறுப்பதனால் அன்று. தொழில் என்னும் பெயரில் தம் முன்னோர் ஓரிடத்தில் கட்டப்பட்டிருந்தமையால் ஆகும். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கும் வேலைக்கும் ஒரே வயதை எல்லையாக வைத்தது. மறுவாழ்வுத் திட்டம் பெற்றோர் அறிந்த வேலையையே அளித்தது. மேல்நிலைத் தொழிற்பிரிவு மேலே செல்லும் வாயிலைக் குறுக்கியது. இம்மூன்றிலும் மாணவரின் இடம் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது.

கூடலூர்ப் பழங்குடிப் பெண்களின் பயிற்சி இதற்கு மாறாக அமைந்தது. அது பிறப்புத் தொழிலிலிருந்து விலகியது. முன்னோடியைக் கண்முன் நிறுத்தியது. அடுத்த படிக்கான அங்கீகாரம் எத்துணை இன்றியமையாதது என்பதையும் அதன் எல்லை காட்டியது. இன்று அப்படிகள் விதிகளில் உள்ளன. அவற்றில் ஏறிச்சென்ற முன்னோடிகள் லயன் குடியிருப்புகளில் இன்னும் சிலரே. ஆகவே, மலைப்பகுதிப் பள்ளிகளில் வழிகாட்டல், ஆண்டுக்கொருமுறை நிகழும் தகவல் கூட்டமாக அமையாமல், தொழிற்பயிற்சியிலிருந்து பட்டயத்துக்கும் பட்டயத்திலிருந்து பட்டத்துக்கும் சென்ற முன்னாள் மாணவரை அடுத்த மாணவரோடு இணைக்கும் தொடர்பணியாக அமைதல் வேண்டும். தோட்டக் குடியிருப்பின் உரிமை பற்றிய வினா தீராதவரை, அப்பணி கல்வித்துறைக்கு மட்டும் உரியதாகாது. தொழிலாளர் துறையும் வருவாய்த் துறையும் அதில் பங்கேற்பதே, பள்ளியில் தொடங்கும் பாதை லயன் வீட்டின் வாசலோடு நின்றுவிடாமல் காக்கும்.